செய்நிரல் மொழிகளின் எல்லை: நோட் நீட்சிகளின் வரலாறு

அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக ஏறிவரும் பெருந்தெரு கினிகத்தேனையை அடையுமிடத்தே மலைநாட்டின் வாயில் திறக்கின்றது. நாவலப்பிட்டியிலிருந்து வரும் தெருவும் ஈண்டு வந்து கூடும். தெருக்கள் கூடுமிடத்தில் வண்டி நிற்கவேண்டுவதில்லை. சில்லு எத்தெருவிலும் உருளும். இருப்புப்பாதைகள் கூடுமிடம் அவ்வாறன்று. 1885ஆம் ஆண்டில் நானு ஓயாவை அடைந்த தலைமைப் பாதை ஐந்தடி ஆறங்குல அகலமுடையது. 1903, 1904ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு அமைக்கப்பட்ட மலைப்பாதையோ இரண்டடி ஆறங்குல அகலமே உடையது. ஆகவே உடப்புசலாவைப் பக்கத்தில் ஏற்றப்பட்ட தேயிலைப் பெட்டி, நானு ஓயாவில் இறக்கப்பட்டு வேறு வண்டியில் மீண்டும் ஏற்றப்பட்டாலன்றிக் கொழும்பைச் சேரமாட்டாது. ஒடுங்கிய பாதையைக் குறைகூறுதல் பொருந்தாது. மலையின் நெருங்கிய வளைவுகளுக்கு அதுவே ஏற்றது. அகன்ற பாதையும் தன் பணியைச் செவ்வனே செய்தது. இடர்ப்பாடு முழுவதும் இரண்டிற்கும் இடைப்பட்ட மேடையிலேயே இருந்தது. மலைப்பாதை 1940களில் மூடப்பட்டுவிட்டது.

கணினிச் செய்நிரல் மொழிகளின் வரலாற்றிலும் இத்தகைய மேடை ஒன்று உண்டு. எளிதில் எழுதத்தக்க மொழி ஒன்றும், கணினியின் நினைவகத்தையும் செயலியையும் நேரே ஆளவல்ல முறைமை மொழி ஒன்றும் சந்திக்குமிடமே அது. அச்சந்திப்பிற் கட்டப்படும் உறுப்பை நீட்சி என்பர். இந்நீட்சிகள் எவ்வாறு எழுந்தன, எதனால் முறிந்தன, எவ்வாறு நிலைபெற்றன என்பது இக்காலக் கணினியியலின் சுவைமிக்க பகுதிகளுள் ஒன்றாகும். அதில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியை 1995ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் பத்து நாள்களில் வகுத்தார். இணைய உலாவியில் தோன்றும் பக்கத்திற்குச் சிறிது உயிரூட்டுவதே அதன் நோக்கமாயிருந்தது. பத்து நாளிற் பிறந்த குழந்தைக்குரிய குறைகள் யாவும் அதற்கு உண்டு. ஆயினும் உலகின் ஒவ்வோர் உலாவியிலும் அது இருந்தமையால் அதனை விலக்கவும் இயலவில்லை. 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் கூகிள் நிறுவனம் தன் குரோம் உலாவியுடன் வி-8 என்னும் பொறியை வெளியிட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த லார்ஸ் பாக் தலைமையில் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்ட இப்பொறி, ஜாவாஸ்கிரிப்டை இயங்கும்போதே பொறிமொழியாக மாற்றி விரைந்து ஓட்டியது. அடுத்த ஆண்டில் ரையன் டால் என்னும் இளைஞர் அப்பொறியை உலாவியினின்றும் பிரித்தெடுத்து, கோப்பு, வலையமைப்பு முதலியவற்றைக் கையாளும் பகுதிகளை அதனோடிணைத்து, நோட் என்னும் இயக்கச்சூழலை ஆக்கினார். 2009 நவம்பரில் பெர்லின் நகரில் நடந்த மாநாட்டில் அவர் அதனை விளக்கியபோது அவையோர் எழுந்து நின்று பாராட்டினர்.

நோட்டில் எழுதப்படும் செய்நிரல் ஒற்றை இழையில் ஓடுவது. ஓர் எழுதுவினைஞர் தனித்திருந்து நூறு பேருடைய மனுக்களையும் மாறிமாறிக் கவனித்தல் போன்றது அது. மனுக்கள் சிறியனவாயின் நூறு பேரும் மகிழ்வர். ஒருவர் மட்டும் பெருங்கணக்கொன்றைக் கொணர்ந்து கூட்டித்தருமாறு கேட்பின் ஏனைய தொண்ணூற்றொன்பதின்மரும் வரிசையில் நிற்பர். படத்தைச் சுருக்குதல், கடவுச்சொல்லை மறைபொருளாக்குதல், பெருங்கோப்பைச் செறிவாக்குதல் ஆகியன இத்தகைய பெருங்கணக்குகள். இவற்றை முறைமை மொழியில் எழுதி, வேறு இழையில் ஓடவிட்டு, விடையை மட்டும் ஜாவாஸ்கிரிப்டிடம் சேர்ப்பித்தலே நீட்சியின் தொழில். சி மொழியில் முன்னரே எழுதப்பட்டுள்ள நூலகங்களை மீண்டும் எழுதாது பயன்படுத்துதலும் அதன் மற்றொரு நோக்கம்.

இவ்வேலை நோட்டுடன் தொடங்கியதன்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டில் சஞ்சீவ வீரவர்ண என்பாரது முயற்சியால் லங்கா மென்பொருள் நிலையம் தோன்றியது. திறந்த மூலநிரல் மென்பொருளைப் பயன்படுத்துவோராக மட்டும் இராது, அதனை ஆக்குவோராகவும் இலங்கையர் விளங்கவேண்டும் என்பதே அதன் குறிக்கோள். 2005இல் அவரும் போல் பிரிமாண்டிலும் பிறரும் டபிள்யூஎஸ்ஓ2 என்னும் நிறுவனத்தைக் கொழும்பிற் பணிமனையுடன் நிறுவினர். அக்காலத்தில் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகள் தமக்குள் உரையாடுதற்கு வலைச்சேவை என்னும் முறை வழங்கிவந்தது. அதனைச் சி மொழியில் நிறைவேற்றும் அக்ஸிஸ்2/சி என்னும் அப்பாச்சித் திட்டத்தின் பெரும்பகுதியை எழுதியவர் இலங்கையரே. முன்னின்று உழைத்தோருள் சமிஸ அபேசிங்க குறிப்பிடத்தக்கவர். அதன் முதலாவது முழுவெளியீடு 2007ஆம் ஆண்டில் வந்தது.

ஈண்டு நோக்கற்பாலது அடுத்த படியாகும். இணையத்தளங்கள் ஆக்குவோர் சி மொழியில் எழுதுவதில்லை. அந்நாளில் அவர்கள் பெரும்பாலும் பிஎச்பி என்னும் எளிய மொழியையே கையாண்டனர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடற்கோள் நிகழ்ந்ததன் பின்னர் இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய சகானா என்னும் அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் பிஎச்பியிலேயே எழுதப்பட்டது. ஆகவே சி மொழியில் அமைந்த ஒரே கருவின்மீது பல மொழிகளுக்குரிய நீட்சிகளைப் போர்த்தும் முறையை டபிள்யூஎஸ்ஓ2 மேற்கொண்டது. 2007இல் பிஎச்பிக்குரிய நீட்சி வெளிவந்தது. ரூபி, பேர்ள் மொழிகளுக்குரியனவும் அடுத்தடுத்து வந்தன. கரு ஒன்று, வாயில்கள் பல. பின்னாளில் நோட் உலகம் பெரும் இடர்களுக்குப் பின் கண்டறிந்த அமைப்பினை, கொழும்பிலிருந்த சிறு குழுவொன்று முன்னரே கையாண்டது என்று கூறுதல் மிகையாகாது.

ஆயின் அதன் பிற்கால வரலாறும் கூறப்படவேண்டும். அக்ஸிஸ்2/சியின் 1.6.0 என்னும் வெளியீடு 2009இல் வந்தது. அதன்பின் நெடுங்காலம் புதிய வெளியீடு எதுவும் வரவில்லை. உலகின் நாட்டம் இலகுவான வேறு முறைகளை நோக்கித் திரும்பிவிட்டது. 2015 டிசெம்பரில் பிஎச்பியின் ஏழாம் பதிப்பு வந்தபோது, மதிப்புகளை நினைவகத்தில் வைக்கும் அதன் உள்ளமைப்பே மாறிற்று. ஐந்தாம் பதிப்புக்கெனச் சி மொழியில் எழுதப்பட்ட நீட்சிகள், திருத்தி எழுதப்பட்டாலன்றி ஏழாம் பதிப்பில் இயங்கா. திருத்துதற்கு ஆள் இருந்த நீட்சிகள் பிழைத்தன. ஏனையவை பழைய பதிப்போடு தங்கிவிட்டன. மேலேயுள்ள மொழியில் எழுதப்பட்ட பிஎச்பிச் செய்நிரல்கள் பெரும்பாலும் சிறு திருத்தங்களுடன் தொடர்ந்து ஓடின. முறிந்தது மேடைதான்.

நோட்டின் கதையும் இதுவே. வேகம் மட்டுமே வேறு. தொடக்ககால நீட்சிகள் வி-8 பொறியின் உள்ளுறுப்புகளை நேரே தொட்டன. வி-8 உலாவிக்காக ஆக்கப்பட்ட பொறி. அதனை ஆக்கியோருக்கு நோட் நீட்சிகளின் நலன் முதற்கவலையன்று. நோட்டின் 0.10 பதிப்பு 2013 மார்ச்சில் வந்தது, 0.12 பதிப்பு 2015 பெப்ரவரியில் வந்தது. இவ்விடைவெளியில் வி-8இன் செயற்கூறுகளை அழைக்கும் முறையும், விடையைத் திருப்பித்தரும் முறையும் மாறிவிட்டன. முன்னைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் ஒருசேரப் பழுதாயின. இதனை முன்னுணர்ந்த ரொட் வாக் என்னும் அவுஸ்திரேலியர் 2013இல் நான் என்னும் பெயருடைய இடைநிலைத் தலைப்புக்கோப்பை எழுதினார். ஒருமுறை எழுதிய மூலநிரல் பல பதிப்புகளுக்கும் ஏற்ப விரிவதற்கு அது வழிசெய்தது. எனினும் அது மூலநிரலைக் காத்ததேயன்றித் தொகுத்த பொருளைக் காக்கவில்லை. நோட்டின் முதன்மைப் பதிப்பு மாறுந்தோறும் நீட்சியை மீண்டும் தொகுத்தே ஆகவேண்டும்.

தொகுத்தல் என்பது சொல்லுக்கு எளிது. அதற்கென அமைந்த நோட்-ஜிப் என்னும் கருவிக்கு, ஜாவாஸ்கிரிப்டோடு யாதொரு தொடர்புமில்லாத பைதன் மொழி கணினியில் இருத்தல் வேண்டும். சி பிளஸ் பிளஸ் தொகுப்பானும் இருத்தல் வேண்டும். விண்டோஸ் கணினியாயின் அத்தொகுப்பானும் அதன் துணைக்கருவிகளும் பல ஜிகாபைட்டு அளவின. கொழும்பிலுள்ள பணிமனையில் இது அரைமணி நேரத் தொல்லை. மலைநாட்டுப் பாடசாலையொன்றின் கணினி அறையில், நன்கொடையாக வந்த பழைய கணினியும், கைப்பேசியினின்றும் பகிர்ந்துகொண்ட தரவிணைப்பும் உடைய மாணவனுக்கு அது பல நாள்களின் தொல்லை. பலவேளை முயற்சியின் முடிவுமாகும். அவன் வேண்டியது ஒரு சிறு பொதி. திரையில் வருவதோ பல நூறு வரிகளிற் சிவப்பெழுத்து. அவ்வரிகளில் அவன் எழுதிய செய்நிரலைப் பற்றிய சொல் ஒன்றேனும் இராது. தனக்கு அறிவு போதாதென்று அவன் எண்ணிக்கொள்வதே இதில் வருந்தத்தக்கது. எல்லையில் நேர்ந்த முறிவுக்கு எல்லையைக் கண்டிராத மாணவன் பழியேற்கின்றான்.

இக்குறையைத் தீர்த்தது என்-ஏபிஐ என்னும் உடன்பாடு. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வி-8க்குப் பதிலாகத் தனது சக்ரா என்னும் பொறியில் நோட்டை ஓட்ட முயன்றபோது, வி-8ஐ நேரே தொட்ட நீட்சிகள் யாவும் தடையாய் நின்றன. பொறி எதுவாயினும் நீட்சி மாறவேண்டாத இடைமுகம் வேண்டும் என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது. 2017 மே மாதத்தில் நோட்டின் எட்டாம் பதிப்பிற் சோதனையாக வந்து, 2018இல் நிலைபெற்ற இவ்விடைமுகம் பின்னர் நோட்-ஏபிஐ எனப் பெயர் மாறியது. சக்ராவுடன் நோட்டை ஓட்டும் முயற்சி கைவிடப்பட்டது. அம்முயற்சியால் வலுப்பெற்ற இடைமுகம் நிலைத்தது. வரலாற்றில் இத்தகைய விந்தைகள் அரியனவல்ல.

இதன் நுட்பம் யாதெனில், பொறியானது தன் பொருளை நீட்சியின் கையில் நேரே கொடுப்பதில்லை. புகையிரத நிலையத்திற் பொதியை ஒப்படைப்பவர் பெறும் பற்றுச்சீட்டுப் போன்றதோர் அடையாளத்தையே கொடுக்கின்றது. பொதி களஞ்சியத்தில் எம்மூலையில் இருக்கின்றது என்பது சீட்டுடையவருக்கு வேண்டாத செய்தி. வி-8 தன் குப்பை சேகரிப்பின்போது பொருள்களை நினைவகத்தில் இடம்பெயர்க்கும் இயல்புடையது. இருப்பிட முகவரியை நீட்சி வைத்திருப்பின் மறுகணமே அது பொய்த்துவிடலாம். சீட்டுப் பொய்ப்பதில்லை. மேலும், இவ்விடைமுகம் சி மொழியின் எளிய அழைப்புமுறையில் அமைந்திருப்பதாலும், ஒருமுறை வெளியிட்ட செயற்கூற்றைப் பிற்பதிப்புகளில் மாற்றுவதில்லை என்னும் உறுதியாலும், முன்னைய பதிப்புக்குத் தொகுத்த நீட்சி பிந்திய பதிப்புகளிலும் மீளத் தொகுக்கப்படாமல் ஓடுகின்றது.

மேடை சீரானபின் எஞ்சியது மேடையிற் பணிபுரிவோரின் கவனம். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகளில் நினைவகத்தை ஆளும் பொறுப்பு முழுதும் செய்நிரலாளரைச் சாரும். விடுவித்த இடத்தை மீண்டும் தொடுதல், ஒதுக்கிய அளவுக்கு அப்பால் வாசித்தல் ஆகிய பிழைகளைத் தொகுப்பான் தடுப்பதில்லை. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்புக் குறை, அளவுக்கு அப்பால் வாசித்த பிழையேயாம். தன் மென்பொருள்களிற் கண்ட பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 வீதம் நினைவகப் பிழைகளால் விளைந்தவை என மைக்ரோசொஃப்ட் 2019இல் தெரிவித்தது. ஜாவாஸ்கிரிப்டில் நேரும் பிழை, செய்நிரல் அதனைப் பிடித்துக் கையாளுமாயின், அவ்வழைப்பை மட்டும் கெடுத்து நீங்கும். நீட்சியுள் நேரும் பிழையோ இயக்கச்சூழல் முழுவதையும் வீழ்த்தும்.

ரஸ்ட் என்னும் மொழி இங்கேதான் வரலாற்றினுள் நுழைகின்றது. 2006ஆம் ஆண்டில், கனடாவின் வான்கூவர் நகரில் வாழ்ந்த கிரேடன் ஹோர் என்பவர் ஒருநாள் வீடு திரும்பியபோது மின்தூக்கியின் மென்பொருள் செயலிழந்திருந்தது. அது முதல் தடவையுமன்று. 21ஆம் மாடி வரை படியேறிச் சென்றவர், இத்தகைய பிழைகள் நேராத மொழியொன்றை வகுக்கத் தொடங்கினார் என்பர். 2009இல் மொசில்லா நிறுவனம் அதற்கு ஆதரவளித்தது. 2015 மே 15ஆந் திகதி அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. ஒவ்வொரு தரவுக்கும் உடையவர் ஒருவரே. பிறர் அதனை இரவலாகப் பெறலாம். வாசித்தற்கு எத்தனை பேரும் இரவல் பெறலாம், திருத்துதற்கு ஒருவரே பெறலாம், இரண்டும் ஒருங்கே நிகழலாகா. தோட்டத்துச் செக்ரோலில் எழுதுவினைஞர் பெயர் பதிந்துகொண்டிருக்கும்போதே மற்றொருவர் அதே பக்கத்தைப் பார்த்துச் சம்பளம் கணக்கிட்டால் விளையும் குழப்பத்தை மலைநாட்டார்க்கு விளக்கவேண்டியதில்லை. ரஸ்டின் தொகுப்பான் இவ்விதியைச் செய்நிரல் ஓடுமுன்னரே ஆராய்ந்து, மீறியதை ஏற்க மறுக்கின்றது. புதியவர்க்கு இம்மறுப்பு எரிச்சலூட்டும். ஆயினும் இரவிற் சேவையகம் விழுவதினும் பகலில் தொகுப்பான் கடிந்துகொள்ளுதல் மேலன்றோ?

மொசில்லாவைச் சேர்ந்த டேவ் ஹெர்மன், ரஸ்டில் நோட் நீட்சிகளை எழுதுதற்கு நியோன் என்னும் கட்டமைப்பைத் தொடங்கினார். அதுவும் தொடக்கத்தில் வி-8ஐத் தொட்டு நின்று, பின்னர் நோட்-ஏபிஐக்கு மாறியது. நாபி-ஆர்எஸ் என்னும் மற்றொரு கட்டமைப்பு நோட்-ஏபிஐயையே அடித்தளமாகக் கொண்டது. இவற்றில் ஒரு ரஸ்ட் செயற்கூற்றின் தலையில் ஒரு குறிப்பை இட்டால், ஜாவாஸ்கிரிப்டிலிருந்து அதனை அழைத்தற்கு வேண்டிய இடைநிரலைத் தொகுப்பு வேளையில் கட்டமைப்பே எழுதிக்கொள்கின்றது. ரஸ்ட் முழுக் காப்பும் தரும் என்பது மயக்கம். எல்லையிற் சி மொழியின் அழைப்புமுறையைத் தொடும் வரிகள் தொகுப்பானின் காவலுக்குப் புறம்பானவை. அவற்றை மனிதரே ஆராயவேண்டும். அவ்வரிகளைக் கட்டமைப்பினுள் ஓரிடத்தில் ஒடுக்கியமையே கிடைத்த ஊதியம்.

எல்லையைக் கடத்தலுக்கு விலையுண்டு என்பதை ஊர்ப்பெயர் ஒன்றாலேயே காட்டலாம். கினிகத்தேனை என்பது தமிழ் இலக்கணப்படி ஆறெழுத்து. யூனிகோடு முறையில் உயிர்மெய்யெழுத்தின் உயிர்க்குறி தனியெண் பெறும். அகரமேறிய மெய்க்கு மட்டும் குறியில்லை. புள்ளியும் தனியெண் பெறும். ஆகவே இச்சொல் பதினொரு எண்களாகும். வி-8 பொறி அதனை எண்ணுக்கு இரண்டு பைட்டாக 22 பைட்டில் வைக்கின்றது. ரஸ்ட் கையாளும் யூடிஎஃப்-8 முறையிலோ தமிழ் எண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ஆகவே 33 பைட்டு. இதே பெயரை ஆங்கில நெடுங்கணக்கில் எழுதின் பதினொரு எழுத்து. இருபுறத்தும் பதினொரு பைட்டே. ஆங்கிலப் பெட்டி எல்லையைக் கடக்கையில் உருமாறுவதில்லை. தமிழ்ப் பெட்டி ஒவ்வொரு முறையும் பிரித்து அடுக்கப்படுகின்றது. எல்லைக்கு அப்பால் நான்காம் பைட்டுக்குப் பின் வெட்டுமாறு ஒருவர் கவனமின்றி எழுதினால், அது ஓரெண்ணின் நடுவில் விழுவதால் ரஸ்ட் உடனே நின்றுவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவர் இப்பிழையைக் காணமாட்டார். அதனை முதலிற் காண்பவர் தமிழ்ப் பெயருடைய பயனரே. தமிழறிந்தோர் இம்மேடையில் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டியதில்லை.

ஆகையாற் சிறுசிறு வேலைகளுக்கு நீட்சி எழுதுதல் அறிவுடைமையாகாது. இரண்டு எண்களைக் கூட்டுதற்கு எல்லையைக் கடந்தால் கூட்டலினும் கடத்தலுக்கே கூடிய நேரம் செல்லும். பெருஞ்சுமையை ஒரே முறையிற் கடத்தி, அப்பாலே நெடிது உழைத்து, விடையை ஒரே முறையில் மீட்டலே தக்கது. தென்கொரியரான காங் டொங்யுன் தொடங்கிய எஸ்டபிள்யூசி என்னும் ரஸ்ட் கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது ஜாவாஸ்கிரிப்ட் மூலநிரற் கோப்பை முழுதாக ஏற்று, மாற்றி, முழுதாகவே திருப்பித்தருகின்றது. 2021 ஒக்டோபரில் நெக்ஸ்ட் என்னும் புகழ்பெற்ற கட்டமைப்பின் பன்னிரண்டாம் பதிப்பு இதனை மேற்கொண்டபோது, கட்டுமானம் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவுற்றதாக அதனை ஆக்கியோர் அறிவித்தனர்.

இத்தகைய நீட்சிகள் இப்போது பணிசெயல் முறைமைக்கும் செயலிக்கும் ஏற்ப முன்னரே தொகுக்கப்பட்டுப் பொதியாக வருகின்றன. பைதனும் வேண்டா, தொகுப்பானும் வேண்டா. மேற்கூறிய மாணவன் கண்ட சிவப்பு வரிகள் பெரிதும் குறைந்துவிட்டன. ஆயினும் 32 பிட்டுக் கணினிக்குரிய பொதி சிலவேளை இல்லாமற்போவதும் உண்டு. அப்போது பழைய தொல்லையே மீளும்.

2018ஆம் ஆண்டில் ரையன் டால் மீண்டும் பெர்லினில் அதே மாநாட்டு மேடையில் ஏறி, நோட்டைப் பற்றித் தாம் வருந்தும் செய்திகளை எடுத்துரைத்தார். நீட்சிகளைத் தொகுத்தற்கு ஜிப் முறையை விடாது வைத்திருந்தமை அவற்றுள் ஒன்று. அதே உரையில் அவர் அறிமுகஞ்செய்த டெனோ என்னும் புதிய இயக்கச்சூழல் பின்னர் ரஸ்டில் எழுதப்பட்டது.

கொழும்பில் எழுதப்பட்ட அக்ஸிஸ்2/சியின் மூலநிரல் அழிந்துவிடவில்லை. அப்பாச்சி அறக்கட்டளையின் களஞ்சியத்தில், கட்டணம் எதுவுமின்றி, எவரும் எடுத்து வாசிக்கத்தக்கதாய் அது கிடக்கின்றது. நினைவகத்தை எவ்விடத்தில் ஒதுக்கினர், எவ்விடத்தில் விடுவித்தனர், பிழையை எவ்வாறு மேலே அறிவித்தனர் என்பனவெல்லாம் அதில் வரிவரியாகத் தெரியும். கினிகத்தேனையில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவரொருவர் அதிலொரு கோப்பைத் திறந்து, ஒதுக்கிய இடமெல்லாம் விடுவிக்கப்பட்டுள்ளதா என்று விரல்வைத்து எண்ணிப் பார்த்தற்கு இணைய இணைப்பும் ஒரு பிற்பகலும் போதும்.